டோன், டொனிக், டெட்டனஸ்: ஒரே வேரை வகுப்பில் மீட்டிப் பார்த்த கதை

தமிழ் மொழிமூலம் உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைக்குக் கொழும்பில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பெயர் தெரிந்திருக்க வேண்டும். பாடப்புத்தகம் பிரசாரணம் என்கிறது, யூடியூப் ஒஸ்மோசிஸ் என்கிறது. புத்தகத்தில் காழ், பக்கத்து வீட்டு இங்கிலிஷ் மீடியப் பிள்ளையின் கொப்பியில் சைலம். பரீட்சை முடிந்து மருத்துவ பீடத்துக்குள் கால் வைத்த அன்றே தமிழ்ப் பெயர்கள் எல்லாம் பைக்குள் போய்விடும்; அங்கே படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலத்திலும் பாதிக்கு மேல் கிரேக்கமும் லத்தீனும்தான். முதல் வருடத்தில் பிள்ளைகள் திணறுவது பாடம் விளங்காமல் இல்லை, பெயர்கள் மனதில் நிற்காமல்தான்.

நான் வெள்ளவத்தையில் உயிரியல் டியூஷன் கொடுக்கிறேன். சின்ன வயதில் வயலின் படித்தேன், இப்போதும் வாசிக்கிறேன். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கும்படி ஆனது பிள்ளைகள் கேட்ட கேள்வியால்.

கிரேக்க வேர்களைப் பட்டியலாகப் போட்டுக் கொடுப்பது எல்லா டியூட்டரியிலும் நடக்கிறது. ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு, ஐசோ என்றால் சமம். பிள்ளைகளும் பாடமாக்குவார்கள். சமம் சரி, எது சமம் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஐசோடொனிக் கரைசல் பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, பியானோ தியரி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை கேட்டாள்:

"மிஸ், டொனிக் எண்டா ஸ்கேலின்ர முதல் நோட். அது ஏன் மிஸ் உப்புத் தண்ணிக்குள்ள வருது?"

பின்வாங்கில் இருந்து ஒரு தம்பி: "டொனிக் எண்டா அம்மா பாமசியில வாங்கித் தாறது, மிஸ்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள். பியானோவின் டொனிக், பாமசியின் டொனிக், கரைசலின் டொனிக் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பதிலை வாயால் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது என்று அடுத்த வகுப்புக்கு வயலினைக் கொண்டுபோனேன்.

ஒரு தந்தியைத் தளர்த்திவிட்டு மீட்டச் சொன்னேன். சத்தம் என்று சொல்ல முடியாத ஒரு தொளதொளப்பு. பிரடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகத் திருக, தந்தி விறைத்து, சுருதி ஏறிக்கொண்டே போனது. அந்தப் பிள்ளையின் விரலைத் தந்தியில் வைத்துவிட்டுத் திருகினேன். காதுக்குச் சுருதி கூடுகிற அதே நேரத்தில் விரலுக்கு இறுக்கம் கூடுகிறது. கிரேக்கர் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள்: டோனொஸ். இழுத்துக் கட்டிய கயிறும் டோனொஸ், அந்த இழுப்பும் டோனொஸ், அதிலிருந்து பிறக்கிற சுருதியும் டோனொஸ். "இழு, நீட்டு" என்கிற டெய்னெய்ன் என்ற வினையிலிருந்து வந்தது. தந்தி வாத்தியத்தைச் சுருதி சேர்த்த எவருக்கும் இந்தச் சொல் எப்படிப் பிறந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் இதே விஷயத்தைச் சுரமானியில், அதாவது இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வைச் சோதிக்கிற கருவியில், பார்த்திருப்பார்கள். நீளத்தை மாற்றாமல் தந்தியின் இழுவையை நான்கு மடங்காக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். அதாவது கீழ் ஸ மேல் ஸ ஆகும். வயலினில் பிரடையை மட்டும் நம்பி அதைச் செய்யப் போனால் தந்தி அறுந்துவிடும், செய்யாதீர்கள் என்றும் சொல்லி வைத்தேன். சொன்னாலும் ஒருவர் முயன்று பார்ப்பார் என்று தெரியும், அதனால் வயலினை உடனே பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

இழுப்பு என்ற அந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் பாமசி டொனிக்கும் விளங்கும். உடம்பு தளர்ந்துபோனால் அதன் "டோனை", அதாவது விறைப்பைத் திருப்பிக் கொடுக்கிற மருந்து என்றுதான் பழைய மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். குழந்தை பிறந்தவுடன் கைகால் துவண்டு கிடந்தால் ஹைப்போடோனியா என்கிறார்கள். தசையின் டோன் குறைவு. சங்கீதத்தில் டொனிக் என்பது ஆதார ஷட்ஜம், மற்றச் சுரங்கள் எல்லாம் நிலைகொள்கிற இடம்.

ஐசோடொனிக்கில் மட்டும் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டொனிக் என்றால் இறுக்கம் என்று சொல்லிக்கொடுத்த கையோடு, "தாவரக் கலத்தை ஹைப்பர்டொனிக் கரைசலில் போட்டால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். "கலம் இறுகும்" என்று பதில் வரும். ஹைப்பர் அதிகம், டொனிக் இறுக்கம், ஆகவே கலம் அதிகம் இறுகும். வாதம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, விடை தலைகீழ். உண்மையில் கலம் நீரை இழந்து தளர்கிறது, உள்ளிருந்து சுவரைத் தள்ளுகிற வீக்க அமுக்கம் போய்விடுகிறது, சுவருக்குள் இருக்கிற உயிருள்ள பகுதியான முதலுரு சுவரை விட்டு விலகிச் சுருங்குகிறது.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி: யாருடைய இழுப்பு? ஹைப்பர்டொனிக் என்பது கரைசலுக்கு இட்ட பெயர், கலத்துக்கு இல்லை. நீரை இழுக்கிற வலு கரைசலிடம் அதிகம். இழுத்தால் கலத்திலிருந்து நீர் வெளியே போகத்தானே வேண்டும்? இழுபறி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கயிற்றின் எந்தப் பக்கம் பலமானது என்று மட்டும் பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சாதாரண சேலைன் 0.9 சதவீத உப்புக் கரைசல், லீற்றருக்கு 9 கிராம் சோடியம் குளோரைட்டு. அது இரத்தத்தோடு ஐசோடொனிக். இரு பக்கமும் சமமாக இழுப்பதால் செங்குழியம் ஊதுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. வெறும் நீரை நாளத்தில் ஏற்றினால் செங்குழியம் ஊதி வெடிக்கும். அது ஏன் என்று அதற்குப் பிறகு பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

உருளைக்கிழங்குக் கீலத்தை உப்புத் தண்ணீரில் போட்டு வைக்கிற பழைய செய்முறையையும் இதோடு செய்வது உண்டு. நல்ல தண்ணீரில் கிடந்த கீலம் விறைப்பாக நிற்கும், வளைத்தால் படக்கென்று முறியும். உப்பில் கிடந்தது விரலில் சுற்றுகிற அளவுக்குத் துவண்டுவிடும். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளை ஹைப்பரையும் ஹைப்போவையும் பிறகு மாற்றிச் சொல்வது குறைவு.

அதே ஐசோடொனிக் தசை அத்தியாயத்திலும் தலைகாட்டுகிறது. அங்கே உப்பும் இல்லை, நீரும் இல்லை. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும்போது தசையின் நீளம் குறைகிறது, அதிலுள்ள இழுவை ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது. அது ஐசோடொனிக் சுருக்கம். சுவரைத் தள்ளிக்கொண்டு நின்றால் நீளம் மாறாது, இழுவை ஏறும், அது ஐசோமெட்ரிக். மெட்ரான் என்றால் அளவு. பாட்டின் மீட்டரும் வெப்பமானியின் மீட்டரும் அங்கிருந்துதான். வேரைத் தெரிந்துகொண்டவர் இரண்டு அத்தியாயத்து ஐசோடொனிக்கையும் குழப்பமாட்டார். வெறும் வரைவிலக்கணத்தைப் பாடமாக்கியவர் நிச்சயம் குழப்புவார்.

இந்தக் குடும்பம் பெரியது. ஏற்புவலி என்று நாம் சொல்கிற டெட்டனஸ், விறைத்து இழுபட்டது என்ற பொருளுள்ள டெட்டனொஸ். கண்ணின் உள் அமுக்கத்தை அளக்கிற கருவி டோனோமீட்டர். வழமையான அளவு 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம். வயிற்றறையைச் சுற்றி இழுத்துப் போர்த்திய சவ்வு பெரிட்டோனியம். கணிதத்தில் நாம் செம்பக்கம் என்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயரான ஹைப்பொடெனியூஸ் "கீழே நீட்டிக் கிடப்பது" என்ற பொருள். செங்கோணத்துக்குக் கீழே இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி. இதை ஒரு கணித ஆசிரியரிடம் சொன்னபோது அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு தன் வகுப்பிலும் சொல்லியிருக்கிறார் என்று பிள்ளைகள் மூலம் காதுக்கு வந்தது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இனிமேல்தான். கிரேக்கத்தின் டெய்னெய்னும் சமஸ்கிருதத்தின் "தன்" என்ற வினையடியும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. இரண்டுக்கும் நீட்டு, இழு என்றுதான் பொருள். அந்தத் தன் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது தந்தி. ராகம் தானம் பல்லவியில் வருகிற தானமும் அதே வேர்தான். ஆகவே வீணை வாசிக்கிற பிள்ளை தந்தி என்று சொல்லும்போதெல்லாம் டோனின் ஒன்றுவிட்ட சகோதரியைத்தான் கூப்பிடுகிறாள். அதற்குப் பிறகு டோன் என்ற சொல் அவளுக்கு அந்நியம் இல்லை.

கூடவே ஓர் எச்சரிக்கையும் நம் மொழியிலேயே கிடைக்கிறது. இரத்த தானம் என்கிற தானம் கொடை, வேறு வேர். ஸ்தானம் என்பதைத் தமிழில் எழுதினாலும் தானம்தான், அது இடம். தமிழ் எழுத்தில் மூன்றும் ஒரே முகம், மூன்றும் வேறு வேறு வம்சம். ஐசோடோப்புக்கு நம் பாடப்புத்தகம் சமதானி என்று பெயர் வைத்திருக்கிறது. ஆவர்த்தன அட்டவணையில் சமமான இடம், அதாவது ஸ்தானம். கிரேக்கத்தில் டோபொஸ் என்றாலும் இடம். பெயர் வைத்தவர்கள் வேரைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

எழுத்து ஒத்துப்போகிறது என்பதற்காகச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்பதற்கு வகுப்பிலேயே உதாரணம் கிடைத்தது. டோன் பாடம் நடந்த வாரத்தில் ஒருவன் வந்து, "மிஸ், கீடோன், அசிடோன் எல்லாம் எந்தச் சுருதி?" என்றான். பகிடிக்குக் கேட்டானா, உண்மையாகவே கேட்டானா என்று அவன் முகத்தில் தெரியவில்லை. புத்தகத்தில் கீற்றோன், அசற்றோன் என்று இருப்பதால் கண்ணுக்கு அந்தச் சிக்கல் வராது, காதுக்கு வரும். அவற்றில் டோன் இல்லவே இல்லை. அசிடோன் வினாகிரியைக் குறிக்கிற லத்தீன் அசீட்டத்திலிருந்து வந்தது. கடைசி "ஓன்" வெறும் இரசாயன விகுதி. கீடோன் அந்த அசிடோனின் ஜெர்மன் வடிவத்திலிருந்து கிளைத்தது. இதைவிட மோசமானது ஐசோடோன். நியூத்திரன் எண்ணிக்கை சமமாக உள்ள அணுக்கருக்களுக்கு அந்தப் பெயர். சமம், இறுக்கம் என்று பிரிக்கத் தோன்றும். பெயர் வந்த வழி வேறு: ஐசோடோப்பில் புரோத்தனைக் காட்டுகிற "ப்" போய், நியூத்திரனைக் காட்டுகிற "ன்" வந்தது, அவ்வளவுதான். கிரேக்கனிடம் கேட்டால் கையை விரிப்பான்.

இன்னொரு சிக்கல் கோர்ட் (chord) என்ற சொல். கிரேக்கத்தில் கோர்டே என்றால் குடல். ஆட்டுக் குடலை முறுக்கித்தான் பழைய வாத்தியங்களுக்குத் தந்தி செய்தார்கள், அதனால் குடலைக் குறித்த சொல் தந்தியையும் குறித்தது. முதுகுநாணின் ஆங்கிலப் பெயரான நோட்டோகோர்டில் நோட்டொன் முதுகு, கோர்டே நாண். தமிழ்ப் பெயர் அப்படியே அச்சு. 1741இல் அந்துவான் ஃபெரெய்ன் என்ற பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் தொண்டைக்குள் இருக்கிற மடிப்புகளை வயலின் வகைத் தந்திகளோடு ஒப்பிட்டுக் குரல்நாண் என்று பெயர் வைத்தார்; காற்றுத்தான் வில் என்றார். இதய வால்வுகள் பின்பக்கம் புரண்டுவிடாமல் பிடித்து வைத்திருக்கிற மெல்லிய இழைகளுக்கும் இதே பெயர்தான். வட்டத்தின் நாணும் அப்படியே. தமிழில் எல்லாவற்றுக்கும் நாண் என்று வில்லின் கயிற்றை எடுத்துக்கொண்டோம், குடலைத் தவிர்த்துவிட்டோம். மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கும் வசதி.

சரி, கிட்டாரில் மூன்று நான்கு சுரத்தைச் சேர்த்து வாசிக்கிற கோர்ட்? எழுதும்போது அதே எழுத்துகள், ஆனால் அது இந்தக் குடும்பம் இல்லை. இணக்கம் என்ற பொருளுள்ள அக்கோர்ட் என்ற சொல் சுருங்கி வந்தது. அதன் அடியில் இருப்பது இதயத்தைக் குறிக்கிற லத்தீன் சொல். தந்தியைக் குறிக்கிற சொல்லோடு குழம்பி, பிற்காலத்தில் யாரோ நடுவில் ஒரு எழுத்தைச் செருகிவிட்டார்கள். கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முகம் வாடிவிடும். கையில் தந்தி இருக்கிறது, சொல்லில் தந்தி இல்லை.

சைலத்துக்கு வருவோம். சைலொன் என்றால் மரக்கட்டை. சைலபோன் கட்டைகளைத் தட்டி வாசிக்கிற வாத்தியம். பள்ளிக்கூட பாண்டில் பார்த்திருப்பீர்கள், இப்போது பல இடங்களில் உலோகத் தகட்டில் செய்ததையும் அதே பெயரால்தான் சொல்கிறார்கள். தாவரத்தில் நீர் ஏற்றுகிற இழையத்துக்கு சைலம் என்று 1858இல் பெயர் வைத்தவர் கார்ல் நேகெலி. மரத்தை மரமாக்குவது அந்த இழையம்தான், அதனால் பொருத்தமான பெயர். நம்முடைய காழ் இன்னும் பழையது. உள்ளே காழ் உள்ளது மரம், வெளியே காழ் உள்ளது புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்துவிட்டது. காழ் என்றால் வயிரம் பாய்ந்த கட்டை. தென்னை, பனை எல்லாம் அந்தக் கணக்கில் புல் வகைக்குப் போகும். ஒருவித்திலைத் தாவரம் என்று இன்றைக்குத் தாவரவியல் சொல்வதற்கு அது கிட்டத்தட்ட ஒத்துவருகிறது. காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மைத் தண்ணீரில் நிறுத்திவைத்து, குறுக்கே வெட்டிச் சிவப்புப் புள்ளிகளைக் காட்டும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லுவேன்.

கடைசி வேர் குரோமா, அதை நீட்டப்போவதில்லை. நிறம் என்று பொருள். பியானோவில் கறுப்பு வெள்ளை எதையும் விடாமல் பன்னிரண்டு அரைச்சுரமும் வாசிப்பது குரோமாட்டிக் ஸ்கேல். சாயத்தைப் பிடித்துக்கொள்வதால் 1888இல் வால்டயர் என்பவர் வைத்த பெயர் குரோமோசோம், நிறமூர்த்தம். நிறமூர்த்தம் என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்குக் குரோமா ஏற்கெனவே தெரியும், அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவே.

இதை வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் அனுபவத்தில் பலித்தவற்றைச் சொல்கிறேன். வேரின் ஆங்கிலப் பொருளை எழுதவிடாதீர்கள். தொட்டுப் பார்க்கக்கூடிய பழைய பொருளை எழுதச் சொல்லுங்கள். டோனொஸ் என்றால் "டென்ஷன்" என்று எழுதின பிள்ளைக்கு ஒரு ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் இன்னொன்று கிடைத்தது, அவ்வளவுதான். "இழுத்துக் கட்டிய கயிறு" என்று எழுதினவளுக்குத்தான் பெரிட்டோனியத்தை முதல்தரம் பார்க்கும்போதே பாதி விளங்குகிறது. ஒரு வேருக்குக் கொப்பியில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். நடுவில் பிள்ளைக்கு முன்பே தெரிந்த சொல், அது ரிங்டோனாக இருந்தாலும் பரவாயில்லை. சுற்றிவர, பாடத்தில் வரவரச் சேர்க்கட்டும். ஒரே நாளில் நிரப்பப் பார்த்தால் பட்டியல் ஆகிவிடும், பட்டியலுக்கு நேரும் கதி தெரிந்ததே. பக்கத்தின் அடியில் ஒரு கோடு கிழித்து, கீழே பொய்ச் சொந்தங்கள்: கீடோன், ஐசோடோன், கிட்டார் கோர்ட். பிள்ளைகள் அந்தக் கீழ்ப் பகுதியைத்தான் ஆசையாக நிரப்புகிறார்கள், யாரையாவது மாட்டிவிடுகிற சந்தோஷம்.

அகராதியைப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் கோட்டுக்கு மேலே ஏற்றக் கூடாது என்பது என் வகுப்பில் கண்டிப்பான சட்டம். சொற்பிறப்பு சொல்லும் ஆங்கில அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் வருகிற "எல்லாமே தமிழிலிருந்து போனதுதான்" வகையறாவையும் அதே அகராதியில் போட்டுப் பார்க்கச் சொல்லுவேன்.

சங்கீதம் தெரியாத பிள்ளைகள் என்ன செய்வது என்று ஒரு தாய் கேட்டார். தந்தி வாத்தியம் கட்டாயம் இல்லை. ஒரு இறப்பர் பட்டியை இரண்டு விரலுக்கிடையில் மாட்டி இழுத்து மீட்டினாலும் இறுக்கம் கையில் தெரியும்; சுருதி வயலின் அளவுக்கு ஒழுங்காக ஏறாது, இழுக்கும்போது நீளமும் சேர்ந்து மாறுவதால். அதைக்கூட ஒரு பௌதிகக் கேள்வியாக்கலாம்.

கடைசியாக, பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு. கட்டுரை வினாவில் கிரேக்க வேரை எழுதி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், அதற்குப் புள்ளி இல்லை, நேரம்தான் போகும். பாடநூலில் உள்ள தமிழ்ப் பெயரை அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். வேர் உங்களுக்கு உதவ வேண்டிய இடம் பல்தேர்வு வினா, அதுவும் ஹைப்பரும் ஹைப்போவும் பக்கத்துப் பக்கத்து விடைகளாக வந்து நிற்கும்போது. விடையைக் குறிக்க முன், இழுக்கிறது யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.